திரை மாற்றிய பிறகு டச்சும் சென்சாரும் தகராறு செய்தால்: எந்த காம்போ, எந்தக் கடை?

சென்ற ஆண்டு பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கும் என் அக்காவின் செல்பேசி மாடிப்படியில் விழுந்து திரை நொறுங்கியது. சர்வீஸ் சென்டரில் 8,700 ரூபாய் கேட்டார்கள். தெருமுனைக் கடையில் 2,300 ரூபாய்க்கு முக்கால் மணி நேரத்தில் மாற்றித் தந்தார்கள். திரை பளிச்சென்று இருந்ததால் அக்காவும் மகிழ்ச்சியாகத்தான் வீடு திரும்பினார். மூன்றே நாளில் மூன்று குறைகள் தெரிந்தன: கைரேகை பதிவாகவே இல்லை, பேசிவிட்டுக் காதிலிருந்து எடுத்தால் திரை கறுப்பாகவே நின்றது, சார்ஜில் போட்டபடி வாட்ஸ்அப்பைத் திறந்தால் யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல எழுத்துகள் தாமாகவே விழுந்தன.

கடைக்குப் போய்க் கேட்டபோது, "டச் நல்லாத்தானே சார் இருக்கு? இந்த காம்போல ஃபிங்கர் மட்டும் வராது" என்றார் கடைக்காரர். காம்போ என்றால் மேல் கண்ணாடி, டச், படம் காட்டும் பேனல் மூன்றும் சேர்ந்து ஒரே பாகமாக வரும் திரை. அவர் சொன்னது பொய்யில்லை; ஒட்டுவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியதை ஒட்டிய பிறகு சொன்னார், அவ்வளவுதான். மற்ற இரண்டு குறைகளுக்கும் வேறு காம்போ போட்டுவிடலாம் என்றார். அதை ஏற்றிருந்தால் பணம்தான் வீணாகியிருக்கும், ஏனென்றால் அந்த மூன்று குறைகளுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன: ஒன்று பேனலின் வகையால் வந்தது, ஒன்று பொருத்திய விதத்தால் வந்தது, மற்றொன்றுக்குக் காரணம் சார்ஜர். எனவே எந்தத் திரை, எந்தக் கடை என்று ஒப்பிடுவதற்கு முன் குறை எந்த இடத்தில் பிறக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

குறை பேனலிலா, பொருத்தியதிலா?

இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சாம்சங் செல்பேசியில் டயல் பலகையில் *#0*# என்று அடித்தால் சோதனைப் பட்டியல் திறக்கும். ஷாவ்மி, ரெட்மி வகைகளில் *#*#6484#*#* என்று அடிக்க வேண்டும். மற்ற ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் அமைப்புகளுக்குள் சென்று பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் பாயின்டர் லொகேஷன் என்பதை இயக்கினால் விரல் போகும் தடம் கோடாகத் திரையில் விழும். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மெதுவாகக் குறுக்குக் கோடுகள் இழுத்துப் பாருங்கள். கோடு ஒவ்வொரு முறையும் அதே பட்டையில் அறுந்தால் பேனலோ, அதை மதர்போர்டோடு இணைக்கும் நாடா போன்ற ஸ்ட்ரிப்போ பழுது. ஸ்ட்ரிப்பைக் கழற்றி மீண்டும் செருகியும் அது மாறாவிட்டால் காம்போவை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓரத்தில் மட்டும் விரலைக் கவனிக்காமல் விட்டால் வளைந்த ஃபிரேமையோ, சரியாகப் படியாத பசையையோ சந்தேகிக்கலாம். நடுப்பகுதி லேசாக மேடிட்டிருந்தால் உப்பிய பேட்டரி கீழிருந்து தள்ளுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த நிலையில் எத்தனை புதுத் திரை போட்டாலும் நிலைக்காது, உப்பிய பேட்டரியை வைத்துக்கொண்டிருப்பது ஆபத்தும்கூட.

கோடு கண்டபடி துள்ளுகிறது, ஆனால் சார்ஜரைப் பிடுங்கியதும் ஒழுங்காகிவிடுகிறது என்றால், பேனலைக் குறை சொல்வதற்கு முன் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். விரல் பட்ட இடத்தில் ஏற்படும் மிக நுண்ணிய மின்தேக்க மாற்றத்தை அளந்துதான் தொடுதிரை வேலை செய்கிறது. மலிவான சார்ஜர் மின்கம்பியோடு சேர்த்துக் கடத்திவரும் இரைச்சலை அது விரல் என்று எண்ணிவிடுகிறது. அசல் பேனலின் டச் சிப் அந்த இரைச்சலை ஓரளவு வடிகட்டிவிடும், நகல் பேனலில் அந்தத் தாங்கும் திறன் குறைவாக இருக்கலாம். அக்கா வீட்டில் செல்பேசியோடு வந்த சார்ஜரைத் தேடி எடுத்துப் போட்டதும் பேய்த்தட்டல் நின்றுவிட்டது. அப்படியும் நிற்கவில்லையென்றால் கனெக்டர் மேல் இருந்த உலோகத் தகட்டையோ எர்த் ஃபாயிலையோ கடையில் திரும்பப் பொருத்தாமல் விட்டிருப்பார்களோ என்று கேட்கலாம். எதற்கெடுத்தாலும் ஃபேக்டரி ரீசெட் செய்யச் சொல்பவர்களின் பேச்சைக் கடைசியாகக் கேட்டால் போதும். நாம் ஏற்றிய செயலிகள் இயங்காத சேஃப் மோடில் போட்டும் குறை தொடர்ந்தால் செயலிகள்மேல் பழியில்லை, படங்களை அழித்ததுதான் மிச்சமாகும்.

டிஎஃப்டியா, ஓஎல்இடி நகலா, அசலா?

பெங்களூரில் எஸ்.பி. ரோட்டிலும் காந்திநகர் நேஷனல் மார்க்கெட்டிலும் ஒரே மாடலுக்கு நான்கு விலை சொல்வார்கள். விலையை வைத்தோ கவுன்டரில் பார்க்கும் பளபளப்பை வைத்தோ தேர்ந்தெடுக்கக் கூடாது, உங்கள் செல்பேசியில் எந்த சென்சார் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரைக்குள்ளேயே கைரேகை வைக்கும் செல்பேசிகளில் பெரும்பாலானவை ஒளியைப் பயன்படுத்துகின்றன. விரல் வைத்த இடத்தில், தாமே ஒளிரும் ஓஎல்இடி பிக்ஸல்கள் (திரையின் நுண்புள்ளிகள்) பிரகாசமாக எரிகின்றன. அந்த ஒளி விரலில் பட்டுத் திரும்பி, பிக்ஸல்களுக்கு இடையிலுள்ள நுண் இடைவெளிகள் வழியாகக் கீழே இருக்கும் சிறு கேமராவை அடைகிறது. டிஎஃப்டி அல்லது இன்செல் என்று கடைகளில் சொல்லப்படும் நகல்கள் எல்சிடி வகை. அவற்றின் முதுகில் பின்விளக்கும் ஒளியைத் திருப்பியனுப்பும் தாள்களும் இருப்பதால் கீழே இருக்கும் கேமராவுக்கு ஒன்றுமே தெரியாது. இதற்கு மென்பொருளில் மருந்து கிடையாது. "அப்டேட் வந்தா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பின்விளக்கு சேர்வதால் இந்த காம்போ தடிமனாகி ஃபிரேமிலிருந்து சற்றுத் தூக்கி நிற்பதும், இருண்ட பின்னணி வைத்தாலும் பேட்டரி மிச்சமாகாததும் கூடுதல் இழப்புகள். ஆனால் பக்கவாட்டு பட்டனிலோ பின்புறத்திலோ கைரேகை இருக்கும் பழைய செல்பேசிக்கு, அதுவும் இன்னும் ஓராண்டு ஓடினால் போதும் என்று நினைப்பவருக்கு, டிஎஃப்டி நல்ல தேர்வுதான். என் அப்பாவின் செல்பேசியில் அதைத்தான் போட்டிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

ஓஎல்இடி நகலில் கைரேகை வேலை செய்ய வாய்ப்பு உண்டு, உறுதி கிடையாது. ஒளி ஊடுருவும் அளவு அசலிலிருந்து சற்று மாறினாலும் சென்சார் தடுமாறும், அதனால் புதுத் திரைக்கு ஏற்ப சென்சாருக்கு அளவு திருத்தம் (கேலிபரேஷன்) செய்ய வேண்டியிருக்கும். பிக்ஸல் 6 முதலான செல்பேசி மாடல்களுக்கு அந்தத் திருத்த மென்பொருளை கூகுளே இணையத்தில் தருகிறது. மற்ற பல நிறுவனங்களில் அது சோதனைப் பட்டியலுக்குள்ளோ சர்வீஸ் சென்டரின் கணினியிலோ முடங்கிக் கிடக்கிறது. சாம்சங் 2019-இல் எஸ்10 வரிசையில் கொண்டுவந்த கைரேகை சென்சார் ஒளிக்குப் பதில் மீயொலியை வைத்து வேலை செய்வதால் அதன் கதை வேறு. சென்சாருக்கும் பேனலுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருந்தாலே ஒலி அங்கே முறிந்துவிடும் என்பதால், பேனல் அசலாக இருந்தும் ஒட்டியது சரியில்லாமல் கைரேகை போன செல்பேசிகள் உண்டு. தடித்த டெம்பர்ட் கிளாஸ் ஒட்டினாலும் இதே கதிதான். திரையைக் குறை சொல்வதற்கு முன் அந்தக் கண்ணாடியை உரித்துவிட்டு ஒருமுறை பதிந்து பாருங்கள்.

உடைந்த வேறு செல்பேசியிலிருந்து கழற்றிய அசல் காம்போவும் சந்தையில் கிடைக்கிறது. சென்சார்களைப் பொறுத்தவரை நகலைவிட இதையே நான் நம்புவேன். அதன் முந்தைய வாழ்க்கை தெரியாது என்பது இதன் குறை. நிழல்போலப் படிந்த பழைய கீபோர்டின் தடம் இருக்கிறதா என்று வெள்ளைத் திரையிலும் சாம்பல் திரையிலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. படமும் டச்சும் சரியாக இருந்து மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருந்தால், கண்ணாடியை மட்டும் மாற்றலாம். ஓஎல்இடி வகையைச் சேர்ந்த அமோலெட் திரைகளில் தொடு அடுக்கு பெரும்பாலும் பேனலோடு சேர்ந்தே இருப்பதால், கண்ணாடி வெறும் கண்ணாடிதான். அதை எடுத்தால் அசல் பேனல், அசல் டச் சிப், அசல் கைரேகை எல்லாம் அப்படியே தங்கும். ஆனால் சூடான தட்டில் வைத்து மெல்லிய கம்பியால் அறுத்துப் பிரிக்கும்போது பேனல் செத்துப்போகும் அபாயம் உண்மையானது. பச்சைக் கோடு விழுந்தால் யார் பொறுப்பு என்று வேலைக்குக் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத கடையில் கொடுக்காதீர்கள்.

கறுத்துப்போகும் திரை

அழைப்பின்போது திரை கறுத்து மீளாமல் போவதற்காக காம்போவை மாற்றுவது அநேகமாக வீண் செலவு. காது வைக்கும் இடத்துக்கு அருகில் இருக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சார் அகச்சிவப்பு ஒளியை வெளியே அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. அனுப்பும் பகுதிக்கும் வாங்கும் பகுதிக்கும் நடுவே ஒளி கசியாதிருக்கச் சிறு ரப்பர் உறை ஒன்று இருக்கும். பழைய திரையோடு அந்த உறையும் குப்பைக்குப் போய்விட்டால், கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுத் திரும்பும் ஒளியையே காது என்று சென்சார் நினைத்துக்கொள்ளும். பி-7000 போன்ற பசை வழிந்து அந்தச் சிறு சாளரத்தை மூடினாலும் அப்படித்தான். அக்காவின் செல்பேசியில் எங்கள் கண்ணெதிரே திரையின் மேல்முனையைத் தூக்கியபோது, உறைந்த மூக்குச் சளிபோல் ஒரு துளி பசை சரியாக அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. துடைத்து, உறையைப் பொருத்தி, ரப்பர் பேண்ட் சுற்றி ஓர் இரவு வைத்ததும் சரியாகிவிட்டது. அதற்குக் கடைக்காரர் பணம் வாங்கவில்லை. சாம்சங்கின் சோதனைப் பட்டியலில் சென்சார் பகுதியைத் திறந்து மேல்முனையைக் கையால் மூடினால் திரை பச்சையாகி அதிரும். கையை எடுத்தும் பச்சை மறையாவிட்டால் இந்தக் கசிவுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சில செல்பேசிகளில் தனி சென்சாரே இல்லாமல் காது ஸ்பீக்கரும் மைக்கும் மீயொலியை அனுப்பி வாங்கி இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் பார்க்க வேண்டியது அடைபட்ட ஸ்பீக்கர் வலையைத்தான்.

ஐபோனுக்குக் கணக்கு வேறு

ஆண்ட்ராய்டில் பேனலின் வகை முக்கியம் என்றால், ஐபோனில் எந்தப் பாகம் எந்த மதர்போர்டுக்குப் பதிவானது என்பதே முக்கியம். ஐபோன் எக்ஸ், 11 போன்றவற்றில் முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஃபேஸ் ஐடிக்கான ஒரு பகுதி, காது ஸ்பீக்கரின் ஸ்ட்ரிப்போடு சேர்ந்து பழைய திரையின் முதுகில் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் புதுத் திரைக்கு மாற்றத் தெரியாதவரிடம் கொடுத்தால் ஃபேஸ் ஐடி போய்விடும், வேறு செல்பேசியிலிருந்து எடுத்த உதிரியும் உதவாது. 2018 ஏப்ரலில், நகல் திரை போட்ட சில ஐபோன் 8 செல்பேசிகளில் அப்டேட்டுக்குப் பின் டச் நின்றுபோய், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 11.3.1 பதிப்பு வந்த பிறகே மீண்டது. ஐபோன் 13 வந்த புதிதில் வெளியே திரையை மாற்றினால் ஃபேஸ் ஐடி முடங்கியது. எதிர்ப்பு கிளம்பிய பின் ஐஓஎஸ் 15.2-இல் அதைத் தளர்த்தினார்கள். ஐபோன் 11 முதல் அசலல்லாத திரை என்ற அறிவிப்பு தோன்றுவது எரிச்சலூட்டினாலும், அதனால் டச் பாதிக்காது. விலை இடித்தாலும், ஃபேஸ் ஐடியை நம்பி வாழ்பவர் புது ஐபோனை சர்வீஸ் சென்டரில் கொடுப்பதே மேல் என்பேன்.

எங்கே கொடுப்பது?

சர்வீஸ் சென்டரில் பேனலும் அளவு திருத்தமும் கேள்விக்கு இடமில்லாதவை. ஆனால் சில நிறுவனங்கள் திரையோடு ஃபிரேமையும் பேட்டரியையும் சேர்த்தே மாற்றி விலையை ஏற்றுகின்றன; வெளியே திறந்த செல்பேசியை வாங்க மறுப்பதும் உண்டு. தெருமுனைக் கடையின் பலம், பொருத்திய கையே மறுநாளும் அங்கே இருப்பதுதான். பொருத்துவதில் வந்த குறைக்கு அங்கேயே திரும்பிப் போங்கள், வேறு கடைக்குப் போனால் பழைய வாரன்டி போய்விடும். பேனல் வகையால் வந்த குறைக்கு மட்டும் நேஷனல் மார்க்கெட் போன்ற பெரிய சந்தை பயன்படும், ஏனென்றால் அங்கே நான்கு வகை காம்போவையும் ஒரே மேசையில் மாட்டிப் பார்க்க முடிகிறது. எங்கே கொடுத்தாலும் பசை தடவுவதற்கு முன் ஸ்ட்ரிப்பை மட்டும் செருகி, கைரேகையைப் பதிந்து, ஓர் அழைப்புப் போட்டுப் பார்த்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள். பில்லில் வெறுமனே டிஸ்ப்ளே என்று எழுதவிடாமல் ஓஎல்இடியா டிஎஃப்டியா என்று எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட அந்த ஒரு சொல்தான் கைகொடுக்கும்.

அக்காவுக்கு நேஷனல் மார்க்கெட்டில் 4,200 ரூபாய்க்கு ஓஎல்இடி நகல் போட்டோம். பழைய கடைக்காரர் 500 ரூபாயைத் திருப்பித் தந்தார். கழற்றும்போதே உடைந்துபோன டிஎஃப்டியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஒட்டுவதற்கு முன்பே கைரேகை பதிந்தது, இப்போதும் பதிகிறது. ஒரே கட்டைவிரலை இரண்டு முறை பதிந்து வைத்த பிறகு இன்னும் வேகமாகத் திறக்கிறது. பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையோடு வந்தால் மட்டும் பின் எண்ணை அடிக்க வேண்டியிருக்கிறது, உடைவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்ததாம்.