வகுப்புக்கு வரவழைப்பதா, வெளியே கூட்டிப்போவதா?

ஊடாடு ஊடகம் (கேம், விஆர் போல, பயன்படுத்துபவரின் செயலுக்குப் பதில் தரும் படைப்புகள்) படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டரைத் திட்டமிடும்போது நாளும் பணமும் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். இருப்பதைக் கருத்தரங்குகளில் போடலாம், களப்பயணத்தில் போடலாம். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவிவிட்டுச் சமாளிப்பதுதான் வழக்கம். என் அளவுகோல் ஒன்றே ஒன்று: வகுப்பறைக்கு வந்து சேரக்கூடிய எதற்காகவும் பஸ் ஏறக்கூடாது. இதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேம் ஸ்டுடியோவா, அருங்காட்சியகமா?

மாணவர்களிடம் கேட்டால் ஸ்டுடியோ என்றுதான் சொல்வார்கள். நான் அதற்குக் கடைசி இடம்தான் தருவேன். வெளிவராத வேலை எதையும் வெளியாட்களுக்குக் காட்ட ஸ்டுடியோக்களுக்கு அனுமதி இருக்காது. ரகசிய ஒப்பந்தங்கள் அப்படி. அதனால் குழு உள்ளே வருவதற்குள் திரைகளை அணைத்துவிடுவார்கள். மிஞ்சுவது நாற்காலிகள், சுவரில் போஸ்டர்கள், அப்புறம் ஒரு கூட்ட அறையில் ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசுவது. அந்த ஒருவரையே வகுப்புக்கு அழைத்திருக்கலாமே!

விதிவிலக்கு உண்டு. நடிகர்களின் உடல் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் தளம், ஒலிப்பதிவுக் கூடம், ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பயனர்களைக் கவனிக்கும் சோதனை அறை இவையெல்லாம் வகுப்பறைக்கு வராது. அவற்றைக் காட்டச் சம்மதிக்கிற ஸ்டுடியோ என்றால் தாராளமாகப் போகலாம். அப்போதும் சின்னச் சின்னக் குழுவாகத்தான். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் முப்பது பேர் போய் நின்றால் அங்கே அன்றைக்கு வேலையே நடக்காது.

அருங்காட்சியகத்தின் பலம் உடம்பு சம்பந்தப்பட்டது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இருக்கும் இசட்கேஎம் என்ற கலை, ஊடக மையம் 1989-ல் தொடங்கப்பட்டு, 1997-ல் ஒரு பழைய ஆயுதத் தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஊடகக் கலைஞர் ஜெஃப்ரி ஷா 1989-க்கும் 1991-க்கும் இடையில் உருவாக்கிய 'தி லெஜிபிள் சிட்டி' அதன் தொகுப்பில் உள்ள படைப்பு. நிலையாக நிறுத்தப்பட்ட ஒரு சைக்கிளை மிதித்தால், எதிரே பெரிய திரையில் கட்டடங்களுக்குப் பதில் எழுத்துகளே நிற்கும் தெருக்கள் விரியும். இதை வீடியோவில் பார்ப்பவருக்கு எழுத்துகள் நகர்வது தெரியும், அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தி மிதித்தால் எவ்வளவு வேகம், திரும்ப நினைத்த இடத்தில் திரும்ப முடிந்ததா, பின்னால் நான்கு பேர் வேடிக்கை பார்க்கும்போது கூச்சம் வந்ததா என்பதெல்லாம் மிதித்தவருக்கு மட்டுமே தெரியும். ஊடாடும் படைப்பைப் பற்றி எழுதத் தேவையான தகவல் இவைதான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் இன்னொரு ரகம். காட்சிப்பொருட்களைச் செய்யும் பட்டறையே பார்வையாளர்களின் கண்ணில் படும்படி இருக்கிறது. ஸ்டுடியோவில் கிடைக்காத 'வேலை நடக்கும் காட்சி' இங்கே கிடைக்கிறது. திரைப்படம், கேம் போன்றவற்றுக்கான மெல்போர்னின் ஆக்மி அருங்காட்சியகம் 2021-ல் புதுப்பித்துத் திறந்தபோது பார்வையாளர் கையில் ஓர் அட்டை வட்டைக் கொடுக்க ஆரம்பித்தது. பிடித்த காட்சிப்பொருளின் அருகே அதைத் தொட்டுச் சேகரித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் மறுபடி பார்க்கலாம். வாசலைத் தாண்டியும் தொடர்கிற இன்டர்ஃபேஸ் எப்படி இருக்கும் என்று அரை நாள் விவாதிக்க இந்த வட்டு ஒன்றே போதும்.

போனால் எதைப் பார்க்கச் சொல்வது? படைப்புகளை அல்ல, பார்வையாளர்களை. ஒரு காட்சிப்பொருளுக்கு அருகில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வேன். வந்தவர் முதலில் எங்கே கை வைக்கிறார், குறிப்புப் பலகையைப் படிக்கிறாரா, எந்த இடத்தில் குழம்பி விலகுகிறார், குழந்தை கண்டுபிடித்ததைப் பெரியவர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதி வரவேண்டும். 'பழுது' என்று அட்டை மாட்டிய காட்சிப்பொருள் இருந்தால் இன்னும் நல்லது. தினமும் ஆயிரம் கைகள் தொடும் பொருளை எப்படி வடிவமைப்பது என்பதை வேறு எங்கேயும் இவ்வளவு நேரடியாகக் கற்க முடியாது.

ஒரு எச்சரிக்கை: வீடியோ கேம் பார்க்க மட்டும் அருங்காட்சியகம் போவதில் பெரிய லாபமில்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமா 2012-ல் 14 கேம்களைத் தன் தொகுப்பில் சேர்த்தது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் சேர்ந்து ஆடும் 'ஈவ் ஆன்லைன்' போன்ற பிரம்மாண்டமான ஒன்றை வீடியோவாகத்தான் காட்சிக்கு வைக்க முடிந்தது. கேம் வகுப்புக்கு வரும். காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் பெட்டிகள்தான் வராது.

விழாவா, மாநாடா?

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1979-ல் தொடங்கிய, கலையும் தொழில்நுட்பமும் சேரும் ஆர்ஸ் எலக்ட்ரானிகா போன்ற விழாக்களில் படைத்தவரே படைப்பின் பக்கத்தில் நிற்பார். 'இந்த சென்சார் இருட்டில் எப்படி வேலை செய்கிறது?' என்று நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் கூட்டம், வரிசை, எதைப் பார்ப்பது என்ற திணறல் எல்லாம் கூடவே வரும். முதலாண்டு மாணவர்கள் 'அடேங்கப்பா' என்று சொல்லிவிட்டுத் திரும்புவார்கள். சொந்த ப்ராஜெக்டில் ஒரு சிக்கலோடு போகிற இறுதியாண்டு மாணவருக்குத்தான் விழா பயன்படும்.

மாநாடு வேறு கதை. 1988-ல் கேம் வடிவமைப்பாளர் கிறிஸ் கிராஃபோர்டின் வீட்டு வரவேற்பறையில் ஆரம்பித்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் (ஜிடிசி) இன்று மிகப் பெரியது. அதன் உரைகளில் நிறைய ஜிடிசி வால்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உரை கேட்கவென்று பயணம் வேண்டாம், வகுப்பிலேயே போட்டுப் பாதியில் நிறுத்தி விவாதிக்கலாம். நேரில் போவதன் பலன் அறிமுகங்கள்தான். காட்டுவதற்கு வேலை கைவசம் உள்ளவருக்கே அதுவும்.

விருந்தினர் உரையா, விமர்சன அமர்வா?

விருந்தினர் உரை ஏற்பாடு செய்ய எளிது, மறப்பதற்கும் எளிது. பேச வருபவர் தன் வெற்றிகளை வரிசையாகக் காட்டிவிட்டுப் போவார். அழைக்கும்போதே 'பாதியில் கைவிட்ட சோதனை மாதிரி (புரோட்டோடைப்) ஒன்றைக் கொண்டுவாருங்கள்' என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டில் ஒன்று என்றால் நான், மாணவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பார்த்துப் பேசும் விமர்சன அமர்வின் பக்கம். நடன இயக்குநர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறை இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. முதலில் பார்த்தவர்கள் தங்களைத் தொட்டதைச் சொல்வார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள் தீர்ப்பு கலக்காத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியில்தான், அதுவும் படைத்தவர் அனுமதித்தால், கருத்து. ஊடாடும் வேலைக்கு நான் கூட்டுவது ஒரு விதி: மற்றவர் கையில் எடுத்துப் பயன்படுத்தி முடிக்கும்வரை செய்தவர் வாயைத் திறக்கக்கூடாது. 'அந்தப் பட்டனை அமுக்குங்க' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துபோகிறது.

எது முன், எது பின்?

பயணத்துக்கு முன் பத்து நிமிடக் கருத்தரங்கு போதும், அதில் கவனிக்க வேண்டிய வேலையை மட்டும் சொல்லுங்கள். படைப்பை முன்கூட்டியே விளக்கிவிட்டால் மாணவர் விளக்கத்தைச் சரிபார்க்கத்தான் போவார். நீண்ட அமர்வு திரும்பி வந்த பிறகு, நினைவு ஆறுவதற்குள் நடக்கட்டும்.

போகும் இடத்தில் விஆர் (கண்ணில் ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகம்) இருந்தால் கணக்குப் போடாமல் கிளம்பாதீர்கள். ஒரே ஹெட்செட், முப்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். தலைசுற்றல் வருபவர்களுக்கும், மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கும் மாற்று ஏற்பாட்டை முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும்.

பயணத்துக்குப் பணமே இல்லாத செமஸ்டரில் பொது இடத்தில் நிற்கும் டிக்கெட் இயந்திரம், ஏடிஎம், மருத்துவமனை டோக்கன் திரை இவற்றில் ஒன்றின் பக்கத்தில் அரை நாள். நிர்வாகத்திடம் அனுமதி வாங்குங்கள், யாரையும் படம் எடுக்க வேண்டாம், திரையைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் உதவி கேட்பவர்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஸ்டுடியோவா இதுவா என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.