அழைத்து வருவதா, போய்த் தங்குவதா?

பள்ளிக்கால தோழிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தனியாக வாழ்பவள். டிஸ்சார்ஜ் ஆனதும் அவளைத் திருச்சியில் என் வீட்டுக்கு அழைத்து வருவதா, ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டில் நான் போய்த் தங்குவதா என்று யோசித்தோம். போய்த் தங்கினேன், 3 வாரம். மறுபடி நேர்ந்தாலும் அதையேதான் செய்வேன்.

என் வீடு என்றால் எனக்கு அலைச்சல் இல்லை. சமையலும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். அந்த வசதி உண்மையானது.

ஆனால் கழிப்பறையை நினைத்ததும் அந்த வசதி அடிபட்டுப் போனது. எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மாடியில் இருக்கிறது. கீழே உள்ளதில் குந்தித்தான் உட்கார வேண்டும். புது மூட்டோடு அது ஆகாது. வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தாலும் அது தாழ்வாக இருந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. அவள் வீட்டில் அதன் மேல் உயரம் கூட்டும் இருக்கை ஒன்றை வாங்கி வைத்து, சுவரில் கைப்பிடி பொருத்தினோம்.

முதல் இரவு 2 மணிக்கு வாக்கர் தரையில் உரசும் சத்தம் கேட்டு விழித்தேன். என்னை எழுப்பக் கூடாது என்று தானே கிளம்பியிருந்தாள். “நீ தூங்குடி” என்றாள். ஓடிப்போய் அறுவை செய்த கால் பக்கமாக, அரையடி பின்னால் நின்றுகொண்டேன். கும்மிருட்டு. அவள் கை தடவாமல் நேராகச் சுவிட்சில் போய் விழுந்தது. முப்பது வருடம் பழகிய சுவர் அது. என் வீட்டில் அந்தக் கை எங்கே தேடியிருக்கும்?

மற்றபடி ஐஸ் ஒத்தடம், வேளைக்கு மாத்திரை, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி எல்லாம் எந்த வீட்டிலும் நடக்கும். வலிக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கேட்பார்கள். மனம் இளகி வைத்துவிடாதீர்கள், காலை முழுதாக நீட்ட முடியாமல் போகலாம்.

சம்பளத்துக்கு ஆள் வைப்பதைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. எங்களுக்குப் பகலில் 4 நாள் மட்டும் ஒரு பெண் வந்தார். வீட்டில் சிறு குழந்தைகள் உள்ளவர்களால் என்னைப் போல் போய்த் தங்கவும் இயலாது. அவர்கள் அழைத்து வருவதே சரி.

எந்த வீடானாலும் டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே குளியலறைக் கதவையும் வாக்கரையும் அளந்து பாருங்கள். நாங்கள் அளக்கவில்லை. முதல் நாள் வாக்கர் உள்ளே நுழையாமல், அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடுங்கி நின்றாள்.