கொள்முதல் செயலியுடன் ஆறு ஆண்டுகள்: என் கடையின் பின்னறையில் மாறியவை

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் மளிகைக் கடை நடத்துகிறேன். மொத்த விலையில் சரக்கு வாங்கும் கைப்பேசிச் செயலி ஒன்றை 2019 முதல் பயன்படுத்துகிறேன். புதிதாகச் சேர நினைக்கும் கடைக்காரர்கள் என்னிடம் கேட்பது விலை குறைவா என்பதைத்தான். பல பொருள்களில் குறைவுதான். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் கடையின் பின்னறையில் நடந்தது.

அப்பா காலத்தில், நிறுவனங்களின் சரக்கைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஏஜென்சியின் சேல்ஸ்மேன் வாரம் ஒரு முறை வருவார். அடுத்த வாரம் வரை தாங்க வேண்டுமே என்று எல்லாவற்றிலும் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் போடுவோம். பின்னறையில் கூரையைத் தொடும் அளவுக்கு அட்டைப்பெட்டிகள். அவற்றின் நடுவே எலி. இப்போது இரவு கடை சாத்தும் நேரத்தில் ஆர்டர் போட்டால் மறுநாள் மதியம் குட்டியானை வண்டி வாசலில் நிற்கிறது. ஷாம்புவில் ஆறு சரம் மட்டும் போதும் என்றாலும் தருகிறார்கள். காலியான இடத்தில் பெரிய குளிர்பெட்டி வைத்தேன். இட்லி மாவு, தயிர், பனீர் என்று இன்று நன்றாக ஓடுவதெல்லாம் அதிலிருந்துதான்.

வாடிக்கையாளர்களும் மாறிவிட்டார்கள். மாதச் சிட்டை எழுதி வரும் வீடுகள் குறைந்துவிட்டன. பத்து நிமிடத்தில் பொருள் வீடு தேடி வரும் காலத்தில் யாரும் மூன்று கிலோ துவரம்பருப்பு வாங்கி அடுக்குவதில்லை. அரைக்கிலோ, கால்கிலோதான். வீடுகள் இருப்பு வைப்பதை நிறுத்தியதும் நாங்களும் நிறுத்தினோம்.

இருப்பில்லாமல் இருப்பதன் ஆபத்தை 2020 மார்ச் கடைசியில் உணர்ந்தேன். ஊரடங்கு அறிவித்த வாரத்தில் செயலியில் எதைத் தொட்டாலும் ‘இருப்பு இல்லை’ என்றே வந்தது. எங்கள் பழைய சேல்ஸ்மேன் ஸ்கூட்டரின் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பிஸ்கட் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். “இதற்கு மேல் கிடைக்கவில்லை அண்ணாச்சி, எல்லாக் கடைக்கும் பிரித்துத்தான் கொடுக்கிறேன்” என்றார். அவரிடம் வாங்குவதைப் பாதியாகக் குறைத்திருந்தவன் நான். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

2021 இறுதியில் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு, இத்தகைய செயலிகள் உள்ளிட்ட பெரிய மொத்த நிறுவனங்களுக்குக் கொடுக்கும் விலையையே தங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று போராடியது. அது நியாயமான கோரிக்கை என்றே கருதுகிறேன். ஏஜென்சி வெறுமனே சரக்கை இறக்கிவிட்டுப் போவதில்லை. எலி கடித்த பொட்டலத்தையும் தேதி முடிந்ததையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அடுத்த பில் வரும்போது முந்தைய பில்லைக் கட்டினால் போதும் என்று பில்லுக்குப் பில் கடன் தருகிறது. செயலியிலும் கடன் உண்டு, ஆனால் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். தவணை தவறினால் அபராதம் ஏறும்.

எனக்கு நேர்ந்த பெரிய நஷ்டமும் தேதியால்தான். ஒரு முறை செயலியில் மிகக் குறைந்த விலைக்கு நூடுல்ஸ் வந்தது. பிரித்துப் பார்த்தால் காலாவதிக்கு ஐந்து வாரம்தான் பாக்கி. புகார் செய்தேன், ஏற்கவில்லை. அன்று முதல் பெட்டியைத் திருப்பித் தேதி பார்த்த பிறகுதான் சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான ஓடிபி சொல்கிறேன். வண்டித் தம்பி அவசரப்படுவார். அவருக்கு இன்னும் முப்பது கடை இருக்கிறது. இருந்தாலும் பார்த்துவிடுகிறேன்.

2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோது இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பழைய விலை அச்சிட்ட சரக்கு என்னிடம் நான்கு நாள் விற்பனைக்கு மேல் இல்லை. அந்த வகையில் செயலி காப்பாற்றியது. ஆனால் இருந்ததை வந்து எண்ணி, விலை வித்தியாசத்தை அடுத்த பில்லில் கழித்துக்கொடுத்தது ஏஜென்சிதான். செயலியில் வாங்கியதற்குப் பதிலே வரவில்லை.

அரிசியை மட்டும் இன்றுவரை செயலியில் வாங்கியதில்லை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்ததும் ஆலைகள் 26 கிலோ சிப்பம் கட்டத் தொடங்கின. ஒரு வரி விதி மூட்டையின் எடையையே மாற்றிவிட்டது. எடை எதுவானாலும் நாலு மணியை வாயில் போட்டு மென்று பார்த்தால்தான் பழைய அரிசியா புதிய அரிசியா என்று தெரியும். அதற்கு மண்டிக்கு நேரில் போகிறேன்.

சேர விரும்புபவர்கள் சோப்பு, சலவைத்தூள், எண்ணெய் என்று சீக்கிரம் கெடாதவற்றில் தொடங்குங்கள். பிஸ்கட்டையும் குழந்தை உணவையும் ஏஜென்சியிலேயே வாங்குங்கள். உங்கள் சேல்ஸ்மேன் வரும் நாளில் சிறிய ஆர்டராவது கொடுத்து அனுப்புங்கள்.