பிஎஃப் இ-நாமினேஷன்: எல்லோரும் போட்டே ஆக வேண்டியது

பிஎஃப் உறுப்பினர் தளத்தில் 'மேனேஜ்' பட்டியலுக்குள் இருக்கும் இ-நாமினேஷன் சேவை, அதாவது நமக்குப் பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று ஆன்லைனில் பதிவது, எனக்குப் பிடித்திருக்கிறது, காசு கிடையாது, கம்பெனியின் கையெழுத்துக்கு அலைய வேண்டியதும் இல்லை. முதலில் உங்கள் போட்டோ அங்கே ஏறியிருக்க வேண்டும். அப்புறம் குடும்பத்தார் பெயர், பிறந்த தேதி, ஆதார், போட்டோ, யாருக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100 வர வேண்டும். இதைச் சேமித்ததும் முடிந்தது என்று பலர் மூடிவிடுகிறார்கள். இல்லை, கடைசியில் இ-சைன் இருக்கிறது, ஆதாரில் இணைத்த போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால்தான் அது செல்லும்.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டிருந்தால், கல்யாணம் ஆனதும் அது தானாகவே செல்லாமல் போய்விடும், புதிதாகப் போட வேண்டும். என் பழைய கம்பெனி ஹெச்ஆர் இதை யாருக்கும் சொன்னதே இல்லை, அதில் எனக்கு இன்றும் கோபம்தான். குடும்பம் உள்ளவர் தம்பி பெயரைப் போட்டாலும் செல்லாது, ஏனென்றால் பிஎஃப் விதியில் உடன்பிறந்தவர்கள் குடும்பக் கணக்கில் வரமாட்டார்கள்.

வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் பிஎஃப் சேமிப்போடு, உறுப்பினர்களுக்கான இடிஎல்ஐ என்ற ஆயுள் காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். சேமிப்புக்கு படிவம் 20, காப்பீட்டுக்கு 5ஐஎஃப், பென்ஷனுக்கு 10டி. துக்க வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர்களாவது தெரிந்திருக்க வேண்டும், இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்கள், உங்கள் பிஎஃப் அடையாள எண்ணான யுஏஎன்னையும் சேர்த்து.