'கட்டிட்டுப் போங்க' என்பதா, 'மறுக்கிறேன்' என்பதா? போக்குவரத்து வழக்கில் மூன்று வழிகள்

கடலூர் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் கையில் கொடுக்கும் சலானுக்கும் செல்பேசியில் வந்து விழும் இ-சலானுக்கும் நம் பக்கத்தில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ஒத்துக்கிட்டுக் கட்டிட்டு வேலையைப் பாருங்க." ஹெல்மெட், சீட் பெல்ட் என்றால் அது நல்ல அறிவுரைதான். ஆபத்தாக ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, விபத்து என்று வரும்போது அதே அறிவுரை ஆளைக் கவிழ்த்துவிடும்.

இருக்கும் வழிகள் மூன்று. அபராதத்தைக் கட்டி முடிப்பது, மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது, கோர்ட்டில் மறுத்து வழக்கை நடத்துவது. லைசென்ஸைத் தொடுகிற வழக்கில், தவறு உங்கள் பக்கம் இல்லையென்றால், மூன்றாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அலைச்சல் இல்லாத வழி என்று சொல்ல மாட்டேன்.

வழியைத் தேர்வதற்கு முன் எந்த ஊர் கோர்ட் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் பதிவெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சம்பவம் நடந்த இடம்தான் கணக்கு. டி.என். 31 என்ற கடலூர் வண்டியைப் புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் புதுச்சேரி போலீஸ் பிடித்தால் வழக்கு புதுச்சேரி நீதிமன்றத்தில். அதே வண்டி தென்பெண்ணைப் பாலம் தாண்டி ஆல்பேட்டையில் பிடிபட்டால் கடலூரில். காரைக்காலில் போட்ட சலானுக்குக் காரைக்காலுக்குத்தான் போக வேண்டும். பண்ருட்டி, சிதம்பரம், விருத்தாசலத்தில் தனித்தனி நீதித்துறை நடுவர் நீதிமன்றங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எவ்வளவு தூரம் போய்வர வேண்டும் என்பது இதில் தெரிந்துவிடும்.

கட்டி முடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 200-வது பிரிவு, சில குற்றங்களைக் கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டியே தீர்த்துக்கொள்ள வழி செய்கிறது. ஹெல்மெட், சீட் பெல்ட், இன்சூரன்ஸ் இல்லாதது, லைசென்ஸ் இல்லாதது எல்லாம் அதில் அடங்கும். பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ போட்டுக் கட்டி, ரசீதைச் சேமித்து வைத்தால் போதும். தவறு நடந்திருக்கிறது, தொகை ஆயிரம் ரூபாய் என்றால் வக்கீலைத் தேடிப் போவது வீண். லைசென்ஸும் ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தும் 'ஆவணம் இல்லை' என்று சலான் போட்டிருந்தால் மட்டும் கட்டாதீர்கள். மின்னணு ஆவணத்தைக் காட்டினாலே போதும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 139 சொல்கிறது.

கட்டுபவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பணம் கட்டியதோடு வழக்கு முடியும், லைசென்ஸ் விவகாரம் முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாயோடு மூன்று மாத லைசென்ஸ் தகுதியிழப்பும் சட்டத்தில் இருக்கிறது. இருசக்கர வண்டியில் மூன்று பேர் போவதற்கும் அப்படித்தான். அதே சட்டத்தின் 206(4)-இன் கீழ் போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பினால், அபராத ரசீதைக் காட்டி அதை நிறுத்த முடியாது. ஆனால் ஆர்.டி.ஓ. உங்கள் தரப்பைக் கேட்காமல் லைசென்ஸை நிறுத்தவும் கூடாது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். உத்தரவு வந்துவிட்டாலும் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பலரும் அந்த நோட்டீஸைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

மக்கள் நீதிமன்றம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தேங்கிப்போன சலான்கள் நாலைந்தை ஒரே நாளில் தீர்க்க நல்ல இடம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தேதியைக் கேட்டு, சலான் நகல்களோடு போகலாம். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்: சமரசத்துக்கு உட்பட்ட, அதாவது பேசித் தீர்த்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் குற்றங்களைத்தான் அங்கே எடுப்பார்கள், அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. 'நான் செய்யவே இல்லை' என்பவருக்கு உரிய இடம் அதுவல்ல.

இனி மூன்றாவது வழி. இதில் எல்லாம் ஒரே ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது: ஒப்புதல்.

முதல் நாள் கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் நடுவர் குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, "ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். சுற்றிலும் நாற்பது பேர் நிற்கிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அது குற்றத் தீர்ப்பாகப் பதிவாகிறது. நடுவர் முன் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் 'நான் குற்றவாளி இல்லை' என்று பிறகு மேல்முறையீடு செய்ய முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 416-வது பிரிவுப்படி, தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டும்தான் கேள்வி கேட்கலாம். அதே குற்றத்துக்கு மறுபடி பிடிபட்டால் அது இரண்டாவது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், அதாவது ஆபத்தாக ஓட்டியதில், முதல் முறைக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி என்றால் சிறை இரண்டு வருடம் வரையும் அபராதம் பத்தாயிரம் ரூபாயாகவும் ஏறும். அன்றைக்கு ஆட்டிய தலையின் விலை அப்போதுதான் தெரியும்.

விபத்து வழக்கில் இது இன்னும் கனமானது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 281, அதாவது கண்மூடித்தனமாக ஓட்டியது, 'ஆயிரம் ரூபாய் ஃபைன்தானே' என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைக்கும் பிரிவு. ஆறு மாதத்தில் அடிபட்டவர் தரப்பு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, முதல் ஆவணக் கட்டிலேயே அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இருக்கும். தீர்ப்பாயம் தனியாக விசாரித்துத்தான் முடிவு செய்யும். ஆனாலும் கவனக்குறைவு யார் பக்கம் என்ற கேள்வியில் உங்கள் வாயாலேயே சொன்னது எதிரே நிற்கிறது. இன்சூரன்ஸ் நடப்பில் இல்லாத வண்டி என்றால் அந்தத் தொகை உங்கள் தலையில்தான்.

மனம் தளர்ந்து ஒப்புக்கொள்பவர்களில் பலரும் சொல்லும் காரணம் வண்டி. "வண்டி ஸ்டேஷன் வாசல்ல வெயில்ல நிக்குது, ஒத்துக்கிட்டாதான் கொடுப்பாங்க." இது தவறான எண்ணம். வழக்கு நடக்கும்போதே நடுவர் முன் வண்டி மீட்பு மனு போடலாம் (பி.என்.எஸ்.எஸ். 497, 503). ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், அடையாள அட்டை, தேவைப்பட்டால் ஜாமீன்தாரர் ஒருவர் இருந்தால் போதும். 'கேட்கும்போது ஆஜர்படுத்துவேன், விற்க மாட்டேன்' என்ற நிபந்தனையில் வண்டி வரும். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் வண்டியை எடுப்பதும் வேறு வேறு வேலைகள்.

மறுத்துவிட்டீர்கள். இனி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. எந்தக் குற்றத்துக்கு எதைக் கேட்க வேண்டும் என்பது இங்கே முக்கியம்.

வேகம் (மோட்டார் வாகனச் சட்டம் 183) என்றால், 'பார்த்தாலே தெரிந்தது, வேகமாக வந்தார்' என்று ஒரே சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்த அடிப்படை வேண்டும் என்று அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு சொல்கிறது. 183, 184 இரண்டுக்கும் 209-வது பிரிவு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. சம்பவ இடத்திலேயே 'வழக்குப் போடுவோம்' என்று எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தோ பதிவுத் தபாலில் அனுப்பியோ இருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மனை உங்களிடம் சேர்த்திருக்க வேண்டும். மூன்றும் இல்லையென்றால் தண்டனை கூடாது. முகவரியைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு உங்கள் நடத்தையே காரணம் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வீடு மாறியதும் ஆர்.சி.யில் முகவரி மாற்றாதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேமரா சலானுக்கு மத்திய மோட்டார் வாகன விதி 167A. குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், கருவியின் அளவு, நாள், நேரம், இடம், எந்தப் பிரிவு, மின்னணு ஆவணச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும். நோட்டீஸ் 15 நாளுக்குள் போயிருக்க வேண்டும். முதலில் செய்ய வேண்டியது, படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. ஸ்டைலாக எழுதிய பிளேட்டில் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும். சலான் உங்கள் காருக்கு வந்திருக்கும், படத்தில் நிற்பது ஸ்கூட்டராக இருக்கும். இப்படிப்பட்ட தெளிவான பிழைக்குக் கோர்ட் வேண்டாம். சலான் தளத்தில் புகார் பதிந்து, ஆர்.சி. நகலும் வண்டியின் படமும் இணைத்து, அன்று வண்டி வேறெங்கோ இருந்ததற்கு ஃபாஸ்டேக் கணக்கோ சர்வீஸ் ரசீதோ சேர்த்துக் கொடுங்கள். சலானில் போட்டிருக்கும் காலக்கெடுவைத் தாண்டாமல் கொடுங்கள். விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன.

குடித்துவிட்டு ஓட்டியது (185). புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும் சாலையில் இதைப் பற்றிப் பேசாமல் முடியாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சட்டப்படி இது கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், இடத்திலேயே பணம் வாங்கி முடிக்கும் குற்றம் அல்ல. குடித்தது உண்மை, ஊதிய சீட்டில் அளவும் 90 என்று நின்றால் மறுத்துப் பயனில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் அளவு, அல்லது குடிக்கவே இல்லை என்றால்தான் இந்த வழி. ஊதும் குழாயை உங்கள் முன் புதிதாக மாற்றினார்களா, ஊதுவதற்கு முன் கருவி பூஜ்ஜியம் காட்டியதா என்று பாருங்கள். இருமல் மருந்தோ வாய் கொப்பளிக்கும் திரவமோ எடுத்திருந்தால் சொல்லுங்கள். வாயில் ஒட்டிய ஆல்கஹால் அடங்கக் கால் மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு மறுபடி ஊதச் சொல்லிக் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை வேண்டுமென்றால் அப்போதே எழுதிக் கொடுங்கள். மறுநாள் கேட்பதில் பொருளில்லை. சீட்டில் கருவி எண், சோதனை எண், நேரம், கடைசியாக அளவு சரிபார்த்த தேதி நான்கையும் செல்பேசியில் படம் எடுங்கள். சீட்டில் 10.40, வழக்கில் 9.50 என்று இருந்தால், குறுக்கு விசாரணையில் வக்கீலுக்கு அதுதான் பிடி.

செலவுப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸ் சாட்சி வராததால் தள்ளிப்போகும், நடுவர் விடுப்பில் இருப்பதால் தள்ளிப்போகும். வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும். வக்காலத்து போட்டு, நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு கொடுத்தால் பாதி அலைச்சல் குறையும். கொடுப்பது நடுவரின் விருப்பம், ஆளுக்கு ஆள் மாறும். சொல்லாமல் வராமல் இருந்தால் மட்டும் பிடிவாரண்ட் நிச்சயம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு போதும்.

துபாய், சிங்கப்பூர் கிளம்ப இருப்பவர் மட்டும் இரண்டு முறை யோசிக்க வேண்டும். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கோர்ட்டின் அனுமதி தேவைப்படும். அவருக்கு, சமரசத்துக்கு உட்பட்ட சிறு வழக்கை விரைவாக முடித்துவிடுவதே லாபம்.

'கட்டாமல் விட்டால் தானாகப் போய்விடும்' என்று நான்காவதாக ஒரு வழி பேசுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. அபராதம் மட்டுமே விதிக்கக்கூடிய குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு கோர்ட் பொதுவாக விசாரணைக்கு எடுக்கக் கூடாது (பி.என்.எஸ்.எஸ். 514). தாமதத்தை மன்னிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. அதற்குள் வண்டிப் பதிவு விவரங்கள் இருக்கும் வாகன் தளத்தில் சலான் தொங்கிக்கொண்டிருக்கும். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) போகும்போதோ வண்டியை விற்றுப் பெயர் மாற்றும்போதோ அங்கே முட்டும்.

வழக்கில் விடுதலை ஆனவர்களுக்கும் இதே சிக்கல் வரும். தீர்ப்பு சொன்ன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நகல் வந்ததும் ஒன்றைச் சலான் போட்ட போக்குவரத்து காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். லைசென்ஸை நிறுத்தியிருந்தால் இன்னொன்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுங்கள். பத்து நாள் கழித்துத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, நிலுவை போய்விட்டதா என்று பார்த்துவிடுங்கள்.