பட்டியா, கோசாலையா?

ஊட்டி மார்க்கெட் பக்கம் கேரட் தழையைத் தின்றுவிட்டு ரோட்டில் படுக்கும் மாடு, மூடுபனியில் கிட்டே போகும்வரை தெரியாது. சரி, பிடித்து எங்கே விடுவது? உரிமையாளர் அபராதம் கட்டி மீட்கும்வரை அடைத்து வைக்கும் பட்டியிலா, கடைசிவரை வைத்துப் பராமரிக்கும் கோசாலையிலா?

செலவு: பட்டியில் தீனிக்காசும் அபராதமும் உரிமையாளர் தலையில். கோசாலையில் ஆயுசுக்கும் தீனி போட வேண்டும்.

சுலபம்: பட்டி ஊருக்குள்ளேயே இருக்கலாம். கோசாலை சமவெளியில் என்றால், கொண்டை ஊசி வளைவுகளில் லாரியில் நின்றுகொண்டே இறங்க வேண்டும். சினை மாட்டுக்கு அது கொடுமை. ஈன்று தேறும்வரை மலையிலேயே வையுங்கள்.

பலன்: மீட்ட மாடு மறுபடி ரோட்டுக்கு வரலாம், கோசாலைக்குப் போனது வராது.

காதில் மஞ்சள் அடையாள வில்லையோடு கறவையில் இருப்பதற்குப் பட்டிதான், அபராதமும் ஒவ்வொரு தடவையும் ஏற வேண்டும். பால் வற்றியதும் விரட்டிவிட்ட மாட்டுக்கும் காளைக்கன்றுக்கும் கோசாலை. பட்டியில் அடைத்து, உரிமையாளர் கேட்டு வராததை ஏலம் விட 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் இடம் தருகிறது. அப்புறம் அது யார் கைக்குப் போகும்?