மாடி அறைக்கு வைஃபை: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, கேபிளா?

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களும் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளமும் கொண்ட நம் ஊர் வீடுகளில், கீழ்த்தளத்து வாசலருகே பொருத்தப்பட்ட ரவுட்டரின் சிக்னல் மாடியின் கடைசி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெரும்பகுதி வலுவிழந்துவிடுகிறது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர், கேபிள் வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார்; அதை வீட்டின் நடுப்பகுதிக்கு நகர்த்தினாலே பல வீடுகளில் வேறு செலவு தேவைப்படாது. அப்படியும் தீராத வீடுகளுக்கே இந்த ஒப்பீடு.

கடையில் கிடைக்கும் எல்லா வழிகளிலும் இரண்டாவதாக ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டி தன்னருகே இருக்கும் ஃபோனுக்கு எவ்வளவு வலுவான சிக்னல் தருகிறது என்பதைவிட, அதற்கும் முதல் ரவுட்டருக்கும் இடையே தரவு எந்த வழியாகப் போய் வருகிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது.

சுவர் பிளக்கில் செருகும் எக்ஸ்டெண்டர், அதாவது கடைக்காரர்கள் ‘ரிப்பீட்டர்’ என்று எடுத்துத் தருவது, விலையில் குறைந்தது. பொருத்தச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அது ரவுட்டரிடமிருந்து காற்றுவழியே பெற்ற ஒவ்வொரு தரவையும் மறுபடியும் காற்றுவழியே அனுப்பியாக வேண்டும். ஒரே அலைவரிசையில் இயங்கும் மலிவு மாடல்களில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவின் வேலை. இரண்டையும் அது ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதால், கிடைக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள மாடல்கள், ஒன்றில் வாங்கி மற்றொன்றில் கொடுத்து இந்த இழப்பைக் குறைக்கக்கூடும். அட்டைப்பெட்டியில் உள்ள ‘ஏசி1200’ என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம்: 2.4-இல் 300, 5-இல் 867 எம்பிபிஎஸ் என்னும் இரு கோட்பாட்டு வேகங்களைக் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய தொகை அது. ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால், அதில் கேபிள் செருகிய டிவிக்கு அதற்கு மேல் கிடைக்கப் போவதுமில்லை.

எக்ஸ்டெண்டரைப் பற்றிய குறைகளில் பாதி, அதை வைத்த இடத்தைப் பற்றியவை. சிக்னல் இல்லாத அறையிலேயே செருகினால், வலுவற்ற சிக்னலையே அது வாங்கித் திருப்பித் தரும்; ஃபோனில் வைஃபை கோடுகள் முழுதாகத் தெரியும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே, மாடிப்படித் திருப்பம் போன்ற திறந்த இடத்தில், ரவுட்டரின் சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) அளவிலாவது கிடைக்குமிடத்தில் அது இருக்க வேண்டும். அங்கே பிளக் பாயின்ட் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. நம் வீடுகளைக் கட்டியவர்கள் மாடிப்படியில் விளக்குக்கு ஸ்விட்ச் வைத்தார்களே தவிர, பிளக் வைக்கவில்லை.

ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பெட்டிகளின் தொகுப்பான மெஷ் கிட் இதைவிடப் பல மடங்கு விலை. அதன் உண்மையான நன்மை, வீட்டுக்குள் நடமாடும்போது தெரியும். எந்தப் பெட்டியுடன் இணைந்திருப்பது என்பதை ஃபோன்தான் முடிவு செய்கிறது. எக்ஸ்டெண்டர் உள்ள வீட்டில், தொலைவிலுள்ள ரவுட்டரையே ஃபோன் விடாமல் பற்றிக்கொண்டிருப்பது வழக்கம். மெஷ் பெட்டிகள் 802.11கே, 802.11வி என்னும் நெறிமுறைகளின் வழியே அருகிலுள்ள பெட்டிக்கு மாறும்படி ஃபோனுக்கு வழிகாட்டுவதால், வீடியோ அழைப்பு பேசிக்கொண்டே படியேறுகிறவருக்கு இடையூறு குறைகிறது. ஆனால் பெட்டிகளுக்கு இடையிலான போக்குவரத்துக்கெனத் தனி ரேடியோ இல்லாத இரட்டை அலைவரிசை மெஷ்ஷிலும், எக்ஸ்டெண்டரில் சொன்ன அதே நெரிசல் உண்டு. கான்கிரீட் தளம் மெஷ் என்ற பெயரைப் பார்த்து வழிவிடுவதில்லை. நிறுவனம் கொடுத்த பெட்டியே ரவுட்டராகவும் இருக்கும்போது, மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும்படி, இயக்காவிட்டால் ரவுட்டருக்குள் ரவுட்டராகி, வெளியூரிலிருந்து சிசிடிவி பார்ப்பது போன்றவற்றில் சிக்கல் வரலாம்.

சொந்த வீடாக இருந்து, சுவரில் ஒரு துளை போடத் தடையில்லை என்றால், இரண்டு பெட்டிகளையும் இணைக்க நான் தயங்காமல் கேபிளையே பரிந்துரைப்பேன். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைக் குறைவின்றிக் கொண்டுசெல்லும். மறுமுனைக்குப் புதிய பெட்டிகூட வேண்டாம், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் போதும். கருவிகளுக்கு ஐபி முகவரி ஒதுக்கும் அதன் டிஹெச்சிபி வசதியை நிறுத்தி, முதல் ரவுட்டரின் முகவரியோடு மோதாத ஐபி முகவரியைக் கொடுத்து, கேபிளை, வெளி இணைய இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் அல்லாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் செருக வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் 1, 6, 11 ஆகியவற்றில் வெவ்வேறாக இருக்கட்டும். கேபிளை மின்கம்பி செல்லும் குழாயிலேயே நுழைக்க எலக்ட்ரீஷியன் முனைந்தால் தடுத்துவிடுங்கள். வெளிச்சுவர் வழியே போவதானால் வெயில் தாங்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும் பவர்லைன் கருவிகளும் உண்டு. மும்முனை இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளமும் மாடியும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் அவற்றின் வேகம் சரிந்துவிடக்கூடும். ஸ்பைக் பஸ்டரில் செருகினாலும் அப்படியே. வாங்குவதானால், திருப்பித் தர வசதியுள்ள கடையில் வாங்குவது நல்லது.

வாடகை வீட்டில் ஒரே ஓர் அறைக்கு, மெயில் பார்ப்பதும் சாதாரண வீடியோவும் போதும் என்பவருக்கு எக்ஸ்டெண்டரே சரி. ஆக்சஸ் பாயின்ட் முறையும் ஜிகாபிட் போர்ட்டும் உள்ள மாடலாக அவர் தேர்ந்தெடுத்தால், பின்னாளில் கேபிள் இழுக்கும்போது அதே கருவி அதன் முனையில் வேலை செய்யும். இன்வெர்ட்டர் இணைப்பு எல்லா பிளக்குகளுக்கும் இருப்பதில்லை என்பதையும் அவர் கவனிக்க வேண்டும். கீழே ரவுட்டர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தாலும், கரண்ட் போனதும் சுவரில் செருகிய எக்ஸ்டெண்டர் அணைந்து, மாடி அறைக்கு இணையம் நின்றுவிடும்.